வீட்டில் கடல் மீன் தொட்டி வைக்க ஆசையா? பவளம் வாங்கினால் சிறை, கோமாளி மீனுக்குத் தடையில்லை: ஓடைப்பட்டிக்காரர்களுக்கு ஒரு முழு விளக்கம்

திராட்சைப் பந்தலும் காற்றாலையும் இருக்கும் ஊர் தேனி மாவட்டம் ஓடைப்பட்டி. இங்கிருந்து மதுரை வழியாக மண்டபம் கடற்கரைக்குப் போக ஏறக்குறைய 250 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். அவ்வளவு தூரத்தில் இருக்கும் கடலை வீட்டு வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுவர முடியுமா?

முடியும். ஆனால் யூடியூப் வீடியோக்களில் வரும் வெளிநாட்டு 'ரீஃப் டேங்க்'கை அப்படியே காப்பியடித்தால் இரண்டு சிக்கல் வரும். ஒன்று, உயிர்கள் செத்துப்போகும். இன்னொன்று, நீங்கள் வனத்துறை வழக்கில் மாட்டுவீர்கள். எதை வைக்கலாம், எதைத் தொடவே கூடாது, நம்ம ஊர் தண்ணீருக்கும் வெயிலுக்கும் தொட்டியை எப்படித் தயார் செய்வது என்று பார்க்கலாம்.

முதல் கேள்வி: பவளம் வைக்கலாமா?

கூடாது. பவளம் பார்க்கச் செடி மாதிரியோ கல் மாதிரியோ இருந்தாலும் அது உயிரினம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் பட்டியலில், அதாவது புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில், 2001-ல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. பாறை போல வளரும் கடின பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி எல்லாம் இதில் அடங்கும். கடல் குதிரையும் கடல் அட்டையும் இதே பாதுகாப்பில்தான் வருகின்றன.

முதல் பட்டியல் உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

'உயிரோட இருக்கறதுதானே தப்பு? ராமேஸ்வரத்துல வாங்கின செத்த பவளக்கல்லுதானே?' என்று சிலர் கேட்பார்கள். செத்த பவளத்துக்கும் விலக்கு கிடையாது. மீன் தொட்டி ஆர்வலர்கள் 'லைவ் ராக்' என்று சொல்லும் பாறையும் பெரும்பாலும் கடலில் இருந்து உடைத்தெடுத்த பவளக்கல்தான்.

'இது இறக்குமதி சரக்கு சார், பயப்படாதீங்க' என்று விற்பவர் சொல்லலாம். கடின பவள இனம் முழுவதையும் பட்டியல் குறிப்பிடுகிறது. எந்தக் கடலில் இருந்து வந்தது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. 'இது சாஃப்ட் கோரல், சட்டத்துல வராது' என்பார்கள். பட்டியலில் இருக்கும் கடல் விசிறியும் ஆர்கன் பைப் பவளமும் மென்பவளக் குடும்பத்துக்கு நெருங்கியவைதான். எது எந்த வகை என்று கண்ணால் பார்த்துப் பிரிப்பது சாதாரண ஆளால் ஆகாத காரியம். ஆகவே பவளம் என்ற பெயரில் எது வந்தாலும் வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு. சந்தேகம் இருந்தால் காசு கொடுப்பதற்கு முன்பே வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

காரணம் நம்ம கடற்கரையிலேயே இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகளைச் சுற்றி இருக்கிறது மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. 1986-ல் அறிவிக்கப்பட்டது. இங்கே பல ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். பவளப்பாறை அலையின் வேகத்தைத் தடுக்கும் இயற்கைச் சுவர். அது போனதும் தீவுகள் கரைய ஆரம்பித்தன. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடி பக்கம் இருக்கும் வான் தீவு சுருங்கிப்போய், அதைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டி வந்தது.

போதாக்குறைக்கு 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி பவளங்கள் வெளுத்தன. இந்த நிலையில் வீட்டு அலங்காரத்துக்கென்று உடைக்கும் ஒவ்வொரு துண்டும் மீதமிருக்கும் பவளத்தில் இருந்துதான் போகிறது.

சரி, அப்போ என்னதான் வைக்கலாம்?

பண்ணையில் பிறந்த மீன். 'நீமோ' என்று குழந்தைகள் சொல்லும் கோமாளி மீனைக் கடலில் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் கோமாளி மீனையும் டாம்செல் மீனையும் தொட்டியிலேயே முட்டையிட வைத்து, குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. இந்த நிறுவனம் 1947-ல் தொடங்கப்பட்டது; இதன் தலைமையகம் முன்பு மண்டபத்தில் இருந்தது. பின்னர்தான் தலைமையகம் கொச்சிக்குப் போனது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் குஞ்சு உற்பத்தி செய்திருக்கிறது. லட்சத்தீவின் அகத்தி தீவில் பெண்கள் அலங்கார இறால் வளர்த்து விற்கும் திட்டமும் உண்டு.

பண்ணைக் குஞ்சால் நமக்கும் லாபம். தொட்டியிலேயே பிறந்ததால் தீவனம் தின்னப் பழகியிருக்கும். கடலில் பிடித்த மீன் பல நேரங்களில் தீனியைத் தொடாமலே மெலிந்து சாகும். பட்டாம்பூச்சி மீன் அழகாக இருக்கிறதே என்று வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதில் பல இனங்கள் கடலில் பவள உயிரையே கொத்தித் தின்று வாழ்பவை. வீட்டில் அதற்கு என்ன கொடுப்பீர்கள்?

கோமாளி மீன் கடல் சாமந்திக்குள்தானே இருக்கும், அதையும் வாங்கணுமா?

வேண்டாம். கடலில் எதிரிகளிடம் இருந்து தப்பத்தான் அதற்குக் கடல் சாமந்தி தேவை. தொட்டியில் எதிரி இல்லை. கடல் சாமந்திக்குப் பலமான விளக்கும் பல மாதம் பழகிய தண்ணீரும் வேண்டும். அது செத்தால் ஒரே நாளில் தண்ணீர் மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

தொட்டி எவ்வளவு பெரிசா இருக்கணும்?

'சின்னதா ஆரம்பிப்போம்' என்று 20 லிட்டர் தொட்டி வாங்குவது பலர் செய்கிற தவறு. தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் சட்டென்று மாறும். 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 127 லிட்டர் பிடிக்கும். கல் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டால் 100 லிட்டர் நிற்கும். முதல் தொட்டிக்கு இந்த அளவு சரியாக இருக்கும்.

கண்ணாடி, கல், தண்ணீர் எல்லாம் சேர்த்து 150 கிலோவைத் தாண்டிவிடும். டி.வி. ஸ்டாண்ட் தாங்காது. வெல்டிங் கடையில் இரும்புச் சட்டம் அடித்து, துருப்பிடிக்காமல் இருக்க நன்றாகப் பெயின்ட் பூசுங்கள். கொத்தனாரின் ரசமட்டம் வைத்து நாலு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். ஜன்னல் வெயில் நேராகப் படும் இடமும் சமையலறைப் பக்கமும் வேண்டாம்.

என்னென்ன கருவி வேண்டும்?

• வேவ் மேக்கர்: தொட்டிக்குள் அலை மாதிரி நீரோட்டம் உண்டாக்கும் சின்ன மோட்டார்
• புரோட்டீன் ஸ்கிம்மர்: நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி
• எல்.இ.டி. விளக்கு: பவளம் இல்லாததால் விலை உயர்ந்த விளக்கு தேவையில்லை
• ரிஃப்ராக்டோமீட்டர்: உப்பின் அளவைப் பார்க்க
• தெர்மாமீட்டர், சிறிய ஹீட்டர்
• அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் டெஸ்ட் கிட்
• பேட்டரியில் ஓடும் காற்று பம்ப்

கரண்ட் பில் எகிறுமா?

ஒரு சின்ன கணக்கு. வேவ் மேக்கர் 10 வாட், ஸ்கிம்மர் 15 வாட், இரண்டும் நாள் முழுக்க ஓடினால் 0.6 யூனிட். 50 வாட் விளக்கு 8 மணி நேரம் எரிந்தால் 0.4 யூனிட். ஆக நாளுக்கு 1 யூனிட், இரண்டு மாத பில்லில் 60 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வைத்தால் கணக்கு இன்னும் ஏறும்.

போர் தண்ணியில கல் உப்பு போட்டா கடல் தண்ணி ஆகாதா?

ஆகாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது என்பது சரி. ஆனால் அதில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று பலதும் கலந்திருக்கும். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு படியும்போது மெக்னீசியத்தில் பெரும்பகுதி, மிஞ்சும் கசப்புத் தண்ணீரிலேயே நின்றுவிடும். எனவே கல் உப்பைக் கரைத்தால் கிடைப்பது வெறும் உப்புத்தண்ணீர்.

கடைகளில் கிடைக்கும் செயற்கைக் கடல் உப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். 100 லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ வரை ஆகும். ரிஃப்ராக்டோமீட்டரில் 35, அல்லது ஒப்படர்த்தி 1.025 என்று காட்ட வேண்டும். உப்பை மீன் இருக்கும் தொட்டியில் கொட்டாதீர்கள். தனி வாளியில் கலந்து, ஒரு நாள் பம்ப் ஓடவிட்ட பிறகு ஊற்றுங்கள்.

கலக்கும் தண்ணீரும் முக்கியம். போர் தண்ணீரிலும் குழாய் தண்ணீரிலும் உப்புகள், குளோரின், நைட்ரேட் இருக்கலாம். வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. தண்ணீரில்கூட ருசிக்காகக் கொஞ்சம் உப்பு விட்டிருப்பார்கள். டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டும் தண்ணீர்தான் வேண்டும். ஆர்.ஓ.வுக்குப் பின்னால் டி.ஐ. ஃபில்டர் ஒன்று சேர்த்தால் இது கிடைக்கும்.

மண்டபத்தில் இருந்து கேனில் கடல்நீர் கொண்டுவரலாமா என்றால், ஒருமுறை வேண்டுமானால் முடியும். வாராவாரம் நடக்காது. கரையோரத் தண்ணீரில் படகு எண்ணெயும் சாக்கடையும் கலந்திருக்கும் ஆபத்தும் உண்டு.

திராட்சைத் தோட்டக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி

ஓடைப்பட்டி, சின்னமனூர், கம்பம் பகுதியில் திராட்சையில் அடிச்சாம்பல் நோய் வந்தால் போர்டோ கலவை தெளிப்பது வழக்கம். அதில் இருப்பது மயில்துத்தம். அதாவது செம்பு. இறால், நத்தை, கடல் சாமந்தி போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு மிகக் குறைந்த அளவு செம்பே விஷம்.

எனவே:

• மருந்து கலக்கிய டிரம், வாளி, ஸ்பிரேயர், ஓஸ் எதையும், எத்தனை முறை கழுவியிருந்தாலும், தொட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள். புது வாளி வாங்கி 'மீன் தொட்டிக்கு மட்டும்' என்று எழுதி வையுங்கள்.
• மருந்தடித்துவிட்டு வந்த கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். குளித்து, உடை மாற்றிய பிறகே தொட்டிப் பக்கம் போங்கள்.
• தோட்டத்துக்குள்ளேயே வீடு என்றால், மருந்தடிக்கும் நாளில் ஜன்னலைச் சாத்தி, தொட்டி மேல் துணி போட்டு மூடுங்கள். கொசு மருந்து ஸ்பிரேக்கும் இதே விதிதான்.
• மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கடையில் தரும் பல மருந்துகளிலும் செம்பு உண்டு. நோய் வந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. தொட்டியில் இருந்து எடுக்கும் பழைய தண்ணீரைத் திராட்சைக் கொடிக்கு ஊற்றிவிடாதீர்கள். வாரம் 12 லிட்டர் மாற்றினால் வருடத்துக்கு ஏறக்குறைய 22 கிலோ உப்பு வெளியே போகிறது. திராட்சை உப்பைத் தாங்காத பயிர். 'தென்னைக்கு உப்பு வைப்போமே' என்று அதற்கு வாராவாரம் ஊற்றினாலும் மண் கெடும். குளியலறைக் கழிவுநீர்க் குழாயில் விடுவதே நல்லது. கிணற்றுப் பக்கமும் வேண்டாம்.

பவளக்கல் இல்லாமல் உள்ளே என்ன வைப்பது?

நுண்துளை உள்ள செராமிக் கற்கள், செயற்கைப் பாறைகள் கிடைக்கின்றன. தண்ணீரைச் சுத்தப்படுத்தும் பாக்டீரியா இந்தத் துளைகளில்தான் குடியிருக்கும். வண்ணம் வேண்டுமென்றால் ரெசினில் செய்த செயற்கைப் பவளம் உண்டு. சாயம் போகாததாகப் பார்த்து வாங்கி, ஒரு வாரம் ஊறவைத்துக் கழுவுங்கள். பவள மணல் என்று விற்பதைத் தவிர்க்கலாம். மணலே இல்லாமல் வெறும் தரையோடு வைத்தால் சுத்தம் செய்வதும் சுலபம்.

உடனே மீன் விடலாமா?

பலருடைய காசு வீணாவது இந்த இடத்தில்தான். மீன் கழிவில் இருந்து அம்மோனியா வரும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் மீனுக்கு ஆகாது. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இந்த இரண்டு பாக்டீரியாவும் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும்.

இந்த வாரங்களில் மீன் இல்லாமலே தொட்டி ஓட வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு அழுகவிடுங்கள். டெஸ்ட் கிட்டில் முதலில் அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், பிறகு இரண்டும் இறங்கும். தீவனம் போட்டும் இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றால் தொட்டி தயார். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது என்பது தயாராகிவிட்டதற்கு அடையாளம் அல்ல.

எத்தனை மீன் விடலாம்?

100 லிட்டருக்கு முதல் ஆறு மாதம் இரண்டே இரண்டு கோமாளி மீன் போதும். ஒரு மாதம் கழித்துப் பண்ணையில் வளர்ந்த அலங்கார இறால் ஒன்றிரண்டு சேர்க்கலாம். டாம்செல் மீன் விலை குறைவு, ஆனால் சண்டைக்காரன். சின்னத் தொட்டியில் மற்ற மீனை விரட்டியே கொன்றுவிடும்.

இரண்டு மீனையும் சிறு குஞ்சாக வாங்குங்கள். கோமாளி மீன்கள் பிறக்கும்போது எல்லாம் ஆண்தான். ஜோடியில் பெரியதாக வளர்வது பெண்ணாக மாறிவிடும். அதனால் ஆண், பெண் பார்த்து வாங்க வேண்டிய கவலை இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து ஆண்டுக்கு மேலும் வாழும். பிள்ளை ஆசைப்பட்டது என்று வாங்குமுன் இந்தப் பத்து ஆண்டையும் யோசித்துவிடுங்கள்.

சென்னை கொளத்தூர் போன்ற அலங்கார மீன் சந்தையில் இருந்து ஆக்சிஜன் நிரப்பிய பையில் மீன் வரும். வந்ததும் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். சூடு சமமாகும். பிறகு பையைப் பிரித்து, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பழக்குங்கள். கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

கோடை வெயில், ஆடிக் காற்று, கரண்ட் கட்: எப்படிச் சமாளிப்பது?

தொட்டித் தண்ணீர் 25 முதல் 27 டிகிரி செல்சியஸில் இருப்பது நல்லது. 30-ஐத் தாண்டினால் ஆபத்து. ஏப்ரல், மே மாதங்களில் நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். மார்கழி, தை இரவுகளில் ஹீட்டர் தேவைப்படும்.

ஃபேன் ஓடினாலும் ஆடிக் காற்று வீசினாலும் தண்ணீர் வேகமாக ஆவியாகும். தண்ணீர் போகும், உப்பு போகாது. 100 லிட்டரில் 5 லிட்டர் ஆவியானால் 35 என்ற உப்பு அளவு 37-ஐ நெருங்கிவிடும். எனவே தினமும் குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்ற வேண்டும். இங்கே உப்புத்தண்ணீர் ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

கரண்ட் போனால் முதலில் குறைவது ஆக்சிஜன். சூடான தண்ணீரில் அது இயல்பாகவே குறைவு. பேட்டரி காற்று பம்பை எப்போதும் சார்ஜில் வைத்திருங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் வேவ் மேக்கரை மட்டும் அதில் இணையுங்கள். கரண்ட் வரும் வரை தீனி போடாதீர்கள்.

வாராவாரம் என்ன வேலை?

தினமும் ஒன்றிரண்டு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீவனம் போடுங்கள். ஸ்கிம்மர் கப்பை இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள். வாரம் ஒருமுறை 10 முதல் 12 லிட்டர் தண்ணீர் மாற்றி, உப்பும் நைட்ரேட்டும் பாருங்கள். எல்லாம் சேர்த்து வாரத்தில் இரண்டு மணி நேரம் ஆகும்.

கடையில் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. இந்த மீன் பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? எந்தப் பண்ணை?
2. என் முன்னால் தீனி போட்டுக் காட்ட முடியுமா?
3. கடைக்கு வந்து எத்தனை நாள் ஆகிறது? ஒரு வாரமாவது ஆகியிருந்தால் நல்லது.
4. பில்லில் மீனின் பெயர் எழுதித் தருவீர்களா?

நான்காவது கேள்விக்கு மழுப்பினால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம். உயிருள்ள பவளத்தையோ கடல் குதிரையையோ யாராவது விற்றால் வனத்துறைக்குத் தகவல் சொல்லலாம்.

பவளத்தை நேரில் பார்க்க ஆசை இருப்பவர்களுக்கு அதற்கும் வழி இருக்கிறது. பாம்பன் அருகே குருசடைத் தீவுக்கு வனத்துறை சூழல் சுற்றுலாப் படகு நடத்துகிறது. கிளம்பும் முன் படகு ஓடுகிறதா என்று வனத்துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கரையில் கிடக்கும் பவளத் துண்டு எதையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.